எலும்புகளுக்கு ஓலை வாசித்த ஞாயிறு

குடிபாலா சபையில் அங்கத்தினராக இருந்து இறந்துபோவதில் ஒரு சௌகரியம் உண்டு. படுக்க இடம் முன்பே தயாராக இருக்கும். கணவனைப் புதைக்கும்போதே பக்கத்தில் மனைவிக்கென்று ஆறடி நிலத்தை நான்கு மூலையிலும் செங்கல் நட்டு ஒதுக்கிவிடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விதவைகள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, கணவனுக்குப் பூ வைத்துவிட்டு, தங்கள் இடத்தில் முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தபீதாள் அம்மாளும் பல வருஷம் அப்படிப் புல் பிடுங்கியவர்தான். அவருடைய கணவர் இஸ்ரவேல் ஒரு சண்டையின் நடுவே, தபீதாள் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பதில் அப்படியே நின்றுபோயிற்று. "என்ன அவரு பக்கத்துலயே போடுங்க. சொல்ல வேண்டியது பாக்கி கீது" என்று மகனிடமும் மகளிடமும் சொல்லி வைத்திருந்தார். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரும் இறந்துபோனார்.

மகன் சாந்தகுமாருக்கு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் குளிர்சாதனக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகள் பிளெஸ்ஸி வேலூரில் நர்ஸ். வாடகைக்கு ஐஸ் பெட்டி வந்தது. மறுநாள் சாயங்காலம் அடக்கம் என்று கோயில் மணி அடித்து அறிவித்தார்கள். குழி வெட்டப் போன துலுக்காணத்தின் கடப்பாரை கல்லில் மோதும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. மழைத்தண்ணீர் தங்காது, காற்று வரும், நாலு திசையும் தெரியும் என்று அந்தக் காலத்து மிஷனரிகள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னால் வேறு சிலரும் இதே காரணங்களுக்காக இதே மேட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது யாருக்கும் தெரியாது. இஸ்ரவேலின் வலப்பக்கத்தில், தபீதாளுக்காக நட்ட செங்கற்களுக்கு நடுவே, மண்ணுக்கடியில் ஒரு பலகைக் கல் செங்குத்தாக நின்றிருந்தது. அதில் சுத்தமாகச் செதுக்கிய வட்டமான ஒரு துளை. துலுக்காணம் துளைக்குள் கையை விட்டான். எதையோ தொட்டான். கையை வெளியே எடுத்து ஒரு பீடி பற்றவைத்தான்.

"உள்ள ஆள் கீது சார்" என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் சபையின் செயலர் ஆசிர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தமக்குத் தெரியாமல் சபைக்குள் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதில் கண்டிப்பானவர்.

"எந்தக் குடும்பம்?"

"அத்த எப்பிடி சார் நான் கேக்குறது?"

ஆசிர் துளையைப் படம் பிடித்து, 'சபையின் அனுமதியின்றி அடக்கம் பண்ணப்பட்ட நபர்' என்ற குறிப்போடு வாட்ஸாப்பில் போட்டார். அது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவி, தொன்மை அடக்கத்தல வாரியத்தின் திருப்பதி அலுவலகத்தில் போய் விழுந்தது. தங்கள் ஊர்ப் பழைய புதைமேட்டில் மண் அள்ளுகிறார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் எழுதிய புகாருக்கு ஒன்பது வருஷமாகப் பதில் போடாத அந்த வாரியம், அன்று சாயங்காலமே ஜீப்பில் வந்து இறங்கியது.

துணை இயக்குநர் பிரேமலதா அகலமான தொப்பி போட்டிருந்தார். சென்னையில் படித்த தமிழும் திருப்பதித் தெலுங்கும் அவர் வாயில் ஒரே குழம்பாகக் கொதித்தன; 'அல்லவா' என்பதற்கு 'கதா' என்பார். மேட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டச் சொன்னார். பிரேதப் பெட்டிக்குப் போட வாங்கிய மாலையைக் கையில் பிடித்தபடி சாந்தகுமார் நாடாவுக்கு வெளியே நின்றான்.

"மேடம், அடக்கத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

"அடக்கமா? இக்கடவா?" பிரேமலதா உண்மையாகவே திடுக்கிட்டார். "ஏமண்டி, இது அடக்கத்தலம். இங்க யாரையும் அடக்கம் பண்ணக் கூடாது."

"எங்க நைனா இங்கதான் மேடம் கீறாரு."

"அவர் முன்னாடியே வந்துட்டார், விட்டுடலாம். இனிமேல் நூறு மீட்டருக்குள்ள ஒரு புது சவம் வரக் கூடாது." அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. எங்க வாரியத்துக்கு இறந்தவங்க மேல ரொம்ப மரியாதை. எங்க வேலையே அவங்கதான். ஆனா அதுக்குக் குறைஞ்சது ரெண்டாயிரம் வருஷம் ஆகணும். அதுவரைக்கும் அது சுகாதாரத் துறை."

பிளெஸ்ஸி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாண்ணா. அம்மாவுக்கு இன்னும் வயசு பத்தலியாம்."

அன்றிரவு மாலையைத் தண்ணீர் தெளித்து ஐஸ் பெட்டியின் மேலேயே வைத்தார்கள். சாந்தகுமார் பழக்க தோஷத்தில் மணிக்கொரு தரம் எழுந்து பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் அகழாய்வு தொடங்கியது. குழி வெட்டும் துலுக்காணத்தையே வாரியம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கடப்பாரையை வாங்கி வைத்துவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றைக் கொடுத்தார்கள். அரை நாளில் ஆறடி தோண்டுகிறவன், அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு விரற்கடை மண்ணைத் துடைத்தான். அவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சாந்தகுமார் நாடாவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டதும், "டூட்டில கீறேன்பா. ஆபீஸ்ல பேசிக்கோ" என்றான்.

அன்றைக்கே இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. தொல்கால மனிதர்கள் கல்லறையைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக வைப்பது வழக்கமாம். இந்த வட்டத்தில் கற்கள் குறைந்தன. பிரேமலதா தேடிக்கொண்டு போனார், சபையின் பழைய கல்லறைகளில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். மிஷன் காலத்தில் யாரோ சிக்கனமாக, கிடந்த கல்லையே எடுத்து ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி, 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று செதுக்கி, தலைமாட்டில் நட்டிருந்தார்கள். தாத்தாவின் கல்லைப் பேரனுக்கும் மாற்றி வைக்கும் வழக்கப்படி, அதில் ஒன்று இஸ்ரவேலின் தலைமாட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஏழு என்று எழுதினார்கள்.

இந்த ஏழாம் எண் கல் ஒருவேளை ஆதியிலிருந்தே அதே இடத்தில் நின்றதா என்று தெரிந்துகொள்ள, இஸ்ரவேலின் இடப்பக்கத்தில் ஒரு சோதனைக் குழி போட்டார்கள். நூல் கட்டி, மூலை மட்டம் வைத்து, சுவர்களைச் சீவி, அப்படி ஓர் அழகான குழியைக் குடிபாலா கண்டதில்லை. ஆள் நீளம், ஆள் ஆழம். அதில் எதுவுமே கிடைக்கவில்லை. பிரேமலதா மிகவும் சந்தோஷப்பட்டார்.

"சூன்யமும் ஒரு முடிவுதான்" என்று அவர் சாந்தகுமாரிடம் விளக்கினார். "எங்க வாரியத்தோட முக்கால்வாசி முடிவுகள் இதுதான்."

வெள்ளிக்கிழமை பலகைக் கல்லை நகர்த்தினார்கள். கல்லறைக்குள் கறுப்பும் சிவப்புமான பானைகள், துருவேறிய ஓர் அரிவாள், எலும்புகள். ஒருவருடையதல்ல, இருவருடையவை. ஓர் ஆணுடைய எலும்புகள் மரியாதையாக ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு, கிடைத்த இடத்தில் ஒரு பெண் முழுதாகக் கிடத்தப்பட்டிருந்தாள்.

"முதல்ல அவர் போயிட்டார்" என்றார் பிரேமலதா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப வருஷம் கழிச்சு இவங்க. கல்லறையைத் திறந்து, அவரைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்துலயே வெச்சிருக்காங்க. எவ்ளோ பெரிய நாகரிகம் பாருங்க."

சாந்தகுமார் பார்த்தான். "அவங்களுக்கு மட்டும் யாரு மேடம் பர்மிஷன் குடுத்தது?"

"அப்போ எங்க வாரியம் இல்ல கதா" என்றார் பிரேமலதா.

சபையின் கமிட்டி அன்று சாயங்காலம் கூடியது. சாந்தகுமாரும் பிளெஸ்ஸியும் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேசத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். ஆனால் ஆசிருக்கு அதைவிடப் பெரிய கவலை வந்திருந்தது. வாரியத்தின் விதியை அவர் பிரேமலதாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். கல்லறையில் இருப்பவர்களுக்கும் இப்போது நிலத்தை வைத்திருப்பவர்களுக்கும் உறவு உண்டென்றால் மேடு சபையுடையது. உறவு இல்லையென்றால் மேடு முழுவதும் வாரியத்துக்குப் போய்விடும்.

"ஆகவே, அவர்களைச் சபையில் சேர்த்துக்கொள்வதுதான் ஒரே வழி" என்றார் ஆசிர். எழுந்து நின்று, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நம் சபை யாரையும் புறக்கணித்ததில்லை. புதிதாக வருகிறவர்களைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு என்று சிலர் பேசுகிறார்கள். உண்மைதான். வருகிறவன் முதல் வருஷம் பின்னால் உட்காருகிறான். இரண்டாம் வருஷம் கணக்குக் கேட்கிறான். மூன்றாம் வருஷம் என்னை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிறான். ஆனால் இந்த இருவரும் அமைதியானவர்கள். நம்மில் யாரைவிடவும் நீண்ட காலம் இந்த மண்ணில் ஒழுங்காக இருந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட அங்கத்தினருக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக ஜெபித்து வருகிறேன்."

கை தட்டினார்கள். பாஸ்டர் ஐயா மட்டும் நெளிந்தார். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் படுத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆனதற்கு அத்தாட்சி இல்லை. அவர்களை ஒரே குடும்பமென்று எப்படி ஏற்பது? ஊர் என்ன சொல்லும்? கமிட்டி வெகுநேரம் தலையைக் குனிந்து யோசித்தது. கடைசியில் வழி கிடைத்தது. எல்லோருக்கும் செய்வதையே இவர்களுக்கும் செய்துவிடுவது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைச் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்பது வழக்கம். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மணமக்கள் உயிரோடிருக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. வயது வரம்பைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

"எங்க அம்மா?" என்று கேட்டான் சாந்தகுமார்.

"மூன்றாம் ஓலை முடியட்டும் தம்பி" என்றார் ஆசிர் அன்பாக. "உறவு உறுதியானதும் மேடு நம்முடையது. அப்புறம் அம்மாவை ராஜாத்தி மாதிரி அடக்கம் பண்ணலாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஐஸ் பெட்டிக்கார பென்னி வாசலில் காத்துக்கொண்டிருந்தான். "அண்ணா, கோச்சிக்காத. வெதுருகுப்பத்துல ஒருத்தரு இழுத்துக்கினு கீறாரு. அவங்க வூட்ல ரெண்டு வாட்டி போன் பண்ட்டாங்க. திங்கக்கிழமைக்கு மேல பெட்டி தர முடியாது."

"அவரு திங்கக்கிழம வரிக்கும் தாங்குவாரா?"

"தாங்கச் சொல்லிக் கீறேன்."

இதற்கிடையே தொழிற்சாலையிலிருந்தும் போன் வந்தது. கிடங்கில் ஆள் இல்லாமல் கூழ் சூடேறுகிறது என்றார் மேற்பார்வையாளர். கிடங்கின் கிழக்கு மூலையில் எப்போதும் காலியாகக் கிடக்கும் ஆறடி இடம் சாந்தகுமாரின் மனதில் வந்து நின்றது. அது ஏற்றுமதிக் கிடங்கு. அம்மா பாஸ்போர்ட் எடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார இடமில்லை. பக்கத்துச் சபைகளிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் பிரேமலதா உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததற்கு வேறு காரணம். வியாழக்கிழமை திருப்பதியில் வாரியத்தின் கண்காட்சியைத் திறந்துவைக்க மந்திரி வருகிறார், எலும்புகள் வேண்டும். முதல் ஓலை வாசித்ததும் அவற்றை ஜீப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆசிர் ஒப்புக்கொண்டிருந்தார். சபைக்கு மேடு, வாரியத்துக்கு மணமக்கள். இரண்டு பக்கமும் திருப்தி.

பாஸ்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "குடிபாலா மேட்டில் வசிக்கும், பெயர் அறியப்படாத மணமகனுக்கும், அதே முகவரியில் வசிக்கும், பெயர் அறியப்படாத மணமகளுக்கும் விவாகம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதலாம் அறிக்கை. இவர்கள் விவாகத்தினால் இணைக்கப்படக் கூடாதென்று உங்களில் யாராவது நியாயமான தடையை அறிந்திருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும்."

வழக்கமாக இந்த இடத்தில் பாஸ்டர் மூச்சு விடாமல் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிடுவார். அன்று கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டார். அந்த ஒரு கணத்தில் பிளெஸ்ஸி எழுந்தாள்.

"எனக்கு ஆட்சேபனை கீது ஐயா."

அந்தக் கோயில் கட்டிய நாளிலிருந்து யாரும் ஆட்சேபித்ததில்லை. அடுத்து என்ன செய்வதென்று பாஸ்டருக்குத் தெரியவில்லை. "பொண்ணுக்கு நீ என்ன உறவும்மா?" என்று கேட்டார்.

"நீங்கதான உறவுன்னு சொல்லிக்கினு கீறீங்க. இந்தம்மாவ அவங்க ஜனங்க புருஷன் பக்கத்துல போட்டாங்க. ஓலை இல்ல, கமிட்டி இல்ல, மஞ்ச நாடா இல்ல. எங்கம்மா இதே எடத்துல மூணு ஓலை வாசிச்சி, இதே ஆல்டர்ல மோதிரம் மாத்திக்கினு, நாப்பது வருஷம் சண்ட போட்டுச்சி. இப்ப கரென்ட்டு போனா அண்ணன்தான் பொட்டி பக்கத்துல குந்திக்கினு விசிறுது. அம்மாவ நைனா பக்கத்துல போடுற வரிக்கும் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது."

பெண்கள் பக்கத்திலிருந்து, "சரியாத்தான் கேக்குது" என்று ஒரு குரல் வந்தது.

பாஸ்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஆட்சேபனை வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரணைக் குழு போட வேண்டும். முடிவு வரும்வரை மணமக்கள் இருவரும் இருக்கும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. இதை அவர் உரக்கப் படித்ததும் கடைசி பெஞ்சில் பிரேமலதா எழுந்தார்.

"போகக் கூடாதா? மந்திரி வர்றாருங்க."

"மணமகள் மேல் ஆட்சேபனை இருக்கிறதே" என்றார் பாஸ்டர்.

ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், பேச்சு நடந்தது. ஆசிருக்கு மேடு போய்விடும் என்ற பயம். பிரேமலதாவுக்கு மந்திரி வெறும் பானையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்ற பயம். பிளெஸ்ஸிக்குப் பயம் ஒன்றும் இல்லை. அவள் ஒரு டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு குழி தோண்ட என்னால விட முடியாது, ரூல் அண்டி" என்று பிரேமலதா கெஞ்சினார். "தோண்ட முடியாது. மூடத்தான் முடியும்."

"எத்த மூடுவீங்க?" என்று கேட்டான் சாந்தகுமார்.

"சோதனைக் குழி ஒண்ணு இருக்கு கதா, உங்க நைனா இடப்பக்கம். நாளைக்கு அதை மூடணும்."

"சும்மா மண்ணத் தள்ளியா?"

"சும்மா தள்ளக் கூடாது." பிரேமலதா தொழில் பேச்சு வந்ததும் கொஞ்சம் தெம்படைந்தார். "ஐந்நூறு வருஷம் கழிச்சு யாராவது தோண்டினா, இது பழைய மண்ணு இல்ல, நாங்க தோண்டி மூடினதுன்னு தெரியணும். அதனால அடியில இந்தக் காலத்தைக் காட்டுற பொருள் ஒண்ணு வைக்கணும். ரூல் அது. சாதாரணமா இந்த வருஷத்துக் காசு ஒண்ணு போடுவோம். இல்லன்னா பிளாஸ்டிக் ஷீட்டு. ஆனா காலம் தெளிவாத் தெரியற எதையும்…"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா இந்தக் காலத்து ஆளுதான் மேடம்" என்றான் சாந்தகுமார். "ஆதார் கூட கீது."

"இடப்பக்கம்டா அது" என்றார் ஆசிர் சந்தேகமாக. "வழக்கம் வலப்பக்கம்."

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா. நைனாவுக்கு ரெண்டு காதும் மந்தம்" என்றாள் பிளெஸ்ஸி. அங்கேயே ஆட்சேபனையை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில், தபீதாள் அம்மாள் காலங்காட்டும் பொருளாகச் சோதனைக் குழிக்குள் இறக்கப்பட்டார். நூல் கட்டிய குழி என்பதால் பெட்டி எங்கும் இடிக்காமல் உள்ளே இறங்கியது. விதிப்படி பிரேமலதா பெட்டியின் பக்கத்தில் கறுப்பு வெள்ளை அளவுகோல் ஒன்றையும், வடக்கு காட்டும் அம்பு ஒன்றையும் வைத்துப் படமெடுத்தார். நிழல் விழுகிறது என்று பாஸ்டரை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். ஆசிர் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு வாரியத்துக்கு நன்றி தெரிவித்தார். அன்றைக்குச் சபையார் ஆளுக்கொரு பிடி மண் எடுத்தபோது துலுக்காணம் தடுத்தான். மண்ணைச் சலிக்காமல் போடக் கூடாதாம். அதனால் அவன் சல்லடையை ஆட்ட ஆட்ட, அடியில் விழுந்த நைசான மண்ணை வரிசையில் நின்று வாங்கிப் போட்டார்கள். 'மண்ணுக்கு மண்' என்று பாஸ்டர் சொல்லி முடித்த பிறகும் சல்லடை வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சாந்தகுமார் கடைசிப் பிடியைப் போட்டுவிட்டு, கையைத் தட்டாமல் அப்படியே நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. அவ்வளவு நாளும் அழ நேரம் கிடைத்திருக்கவில்லை.

அப்போது மேட்டின் மறுபக்கத்தில் ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு வைத்து மூடிய இரண்டு தகரப் பெட்டிகள். ஒன்றை ஜீப்பில் வைத்தார்கள். இன்னொன்றைப் பின்னால் நின்ற வேனுக்குத் தூக்கிப் போனார்கள். சாந்தகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனான்.

"இது யாரு மேடம்?"

"அவர். கண்காட்சிக்குத் திருப்பதி போறார்."

"அந்தம்மா?"

"அவங்க பல்லு நல்லா இருக்கு. ஹைதராபாத் லேபுக்கு."

சாந்தகுமார் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்ணாவே அனுப்பக் கூடாதா மேடம்? அவங்களுக்கு ஓலை வாசிச்சிக் கீது."

பிரேமலதா தொப்பியைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். "ஒண்ணுதானே வாசிச்சாங்க" என்றார். "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு கதா."